பெகுப் பக்கத்துச் செம்புராங்கல் மண்: வீட்டுக்கு ஆகுமா, தோட்டத்துக்கு ஆகுமா?

ரங்கூனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பெகுவுக்கு வடக்கே யோமா மலையடிவாரத்தில் மேட்டு நிலம் விலைக்கு வருகிறதாம். மண் செக்கச்செவேல் என்றிருக்கிறது, ஒரு முழம் தோண்டினால் மண்வெட்டி சரளையில் மோதுகிறது. “சிவகங்கைப் பக்கம் நம் பூமியும் செம்மண்தான், கடலை போட்டால் விளையும்” என்கிறார் அப்பா. விற்கிறவரோ “கல் வெட்டி விற்றாலே போட்ட காசு வந்துவிடும்” என்கிறார். இவர்களில் யார் பேச்சைக் கேட்பது என்பது தம்பியின் கேள்வி.

அப்பா சொல்வது இந்த மண்ணுக்குப் பொருந்தாது. விற்கிறவர் சொல்வது பாதி சரி, ஆனால் அந்தப் பாதியை நம்பி இறங்கினால் தோட்டம் போடும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். ஏன் என்று புரிய வேண்டுமானால் அந்த மண் எப்படி உண்டானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் சாதாரணமாகப் பார்க்கிற செம்மண், கருங்கல் வகைப் பாறை உதிர்ந்து, மழை குறைந்த சீமையில் உண்டானது. அதில் இரும்பு மேற்பூச்சுப்போல ஒட்டியிருக்கிறது, சிவப்பு அதனால்தான். மழை குறைவு என்பதால் சுண்ணாம்பும் சாம்பல் சத்தும் முழுக்கக் கரைந்து போய்விடவில்லை. புளிப்பும் அதிகமில்லை. கடலை விளைவது அதனால். பர்மாவின் தென்பகுதியில் நீங்கள் பார்ப்பது லேட்டரைட். பள்ளிப் புத்தகங்களில் சரளை மண் என்று போடுவார்கள், பர்மாக்காரர்கள் கவுன் என்பார்கள். அப்பாவுக்கு இதன் கல் வடிவம் தெரிந்திருக்கும். செட்டிநாட்டு ஊருணிக் கரைகளில் ஓட்டை ஓட்டையாக, துருப்பிடித்த நிறத்தில் இருக்கிற செம்புராங்கல்தான் அது. அங்கே அது திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. இங்கே ரங்கூனிலிருந்து மௌல்மீன் தாண்டி தெற்கே போகிறவரை மேட்டு நிலத்தில் எங்கு வெட்டினாலும் தலைகாட்டும்.

ஒரே தேயிலையில் திரும்பத் திரும்பக் கொதிநீர் ஊற்றி வடித்தால் கடைசியில் என்ன மிஞ்சும்? சாரமெல்லாம் போய் சக்கைதான். லேட்டரைட்டும் அப்படி மிஞ்சிய சக்கை. ரங்கூனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மி.மீ. மழை, மௌல்மீனில் 4,500 மி.மீ.க்கும் மேல். அதில் அநேகமாக எல்லாமே மே முதல் அக்டோபர் வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வெதுவெதுப்பான அந்த நீர் பாறைக்குள் இறங்கும்போது முதலில் சோடியமும் கால்சியமும் கரைந்து போகின்றன. அடுத்து மக்னீசியம், பொட்டாசியம். கடைசியில், மிக மெதுவாக, மணலுக்கும் களிமண்ணுக்கும் முதுகெலும்பான சிலிக்காவும் கரைய ஆரம்பிக்கிறது. இதற்கு ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டுகள் போதாது, லட்சக்கணக்கில் ஆகும். கரையாமல் நின்றுவிடுகிறவை இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள். ஆய்வுக்கூடத்தில் சிலிக்காவுக்கும் இந்த இரண்டு ஆக்சைடுகளுக்கும் உள்ள விகிதத்தைத்தான் பார்ப்பார்கள். 1.33க்குக் கீழே இருந்தால் லேட்டரைட், 1.33 முதல் 2 வரை லேட்டரைட் சாயல் மண், 2க்கு மேல் போனால் வேறு மண்.

ஆனால் மழை மட்டும் போதுமென்றால் வருஷமெல்லாம் நனைகிற காடுகள் எல்லாவற்றின் அடியிலும் கல் இருக்க வேண்டும். அப்படி இல்லை. கல்லாக்குவது கோடை. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும்போது, காற்றோட்டமில்லாத அந்தச் சகதியில் இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறி நீரோடு நகர்கிறது. நவம்பரில் மழை நின்று நீர்மட்டம் இறங்க, காற்று உள்ளே புகுந்து அந்த இரும்பைத் துருவாக்கி அங்கேயே படிய வைக்கிறது. அடுத்த மழையில் மறுபடி கொஞ்சம் இரும்பு வந்து சேர்கிறது. நீர்மட்டம் ஏறி இறங்குகிற அந்த ஆழத்தில்தான் கெட்டி அடுக்கு உருவாகும். ஆறு மாதம் கொட்டி ஆறு மாதம் காய்கிற தென்பர்மா இதற்கென்றே அமைந்த சீமை. பெகு யோமாவின் மணற்கல், களிப்பாறை மீதும் இது படிந்திருக்கிறது. தென்கிழக்கே மோன் மாநிலத்துக் கருங்கல் மலைகளின் அடிவாரத்திலும் இருக்கிறது. அடியில் இருப்பது எந்தப் பாறையானாலும் மேலே வருவது ஏறக்குறைய ஒரே சரக்கு.

ஆகவே ஒரு குழி வெட்டினால் மேலிருந்து கீழே ஒழுங்கான அடுக்குகளைப் பார்க்கலாம். மேலே கொஞ்சம் மேல்மண், மிளகு முதல் கோலிகுண்டு அளவு வரை உருண்டைகளோடு. அதன் கீழே தேன்கூடு மாதிரித் துளைகளோடு கெட்டியான சிவப்பு அடுக்கு. அதற்கும் கீழே சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் கலந்த புள்ளிக் களி. இன்னும் கீழே இரும்பெல்லாம் மேலே போய்விட்ட வெளுத்த களி. அதன்பின் உளுத்துப்போன பாறை, பிறகு நல்ல பாறை.

உங்கள் காரியத்துக்கு முக்கியமான குணம் ஒன்றுதான். நிழலில், ஈரத்தில் மூடிக்கிடக்கிறவரை இந்தச் சிவப்பு அடுக்கு மண்வெட்டிக்கும் கோடரிக்கும் இடம் கொடுக்கும். வெட்டி வெயிலில் போட்டால் இறுகும். உள்ளேயிருக்கிற இரும்பு ஆக்சைடுகள் ஈரம் வற்ற வற்ற ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. ஒருமுறை அப்படி இறுகியதை எத்தனை மழையில் நனைத்தாலும் திரும்ப இளக்க முடியாது. கட்டடம் கட்டுகிறவனுக்கு இது வரம், பயிர் வைக்கிறவனுக்குச் சாபம். வீட்டுக்கு வேண்டிய மண்ணைத் திறந்து காயவிட வேண்டும், தோட்டத்துக்கு வேண்டிய மண்ணைத் திறக்கவே கூடாது. ஒரே நிலத்தில் இரண்டையும் செய்ய நினைக்கிறவர் எந்த மூலையில் எது என்று முதல் நாளே பிரித்துக்கொள்ள வேண்டும்.

வெட்டிக் காயவைத்துக் கல்லாக்கும் வேலையைப் பார்த்து இதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டவர் பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். கேரளத்து அங்காடிப்புரத்தில் இதைக் கண்டு, 1807இல் வெளியான தன் பயண நூலில் எழுதினார். அங்கே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நினைவுச்சின்னம் இப்போது இருக்கிறது. பலருக்குத் தெரியாதது, அவர் அதற்கு முன்பே, 1795இல், ஆங்கிலேயரின் மைக்கேல் சைம்ஸ் தூதுக்குழுவோடு ரங்கூன் வழியாகப் பர்மா மன்னரின் ஆவா அரசவைக்கு வந்து போனவர் என்பது. இங்கேயும் இதே கல்லை மிதித்துத்தான் நடந்திருப்பார்.

தென்பர்மாவில் பழங்காலத்திலிருந்தே வாழ்கிற மோன் மக்கள் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இதைக் கையாளத் தெரிந்தவர்கள். தட்டோனில் உள்ள தக்யா பகோடாவின் உடல் இந்தக் கல்தான். பிலின் பக்கம் சொத்தோக் என்ற ஊரில் யானையும் சிங்கமும் வரிசையாகச் செதுக்கிய பழைய சுவர் ஒன்று இருக்கிறது, அதுவும் இதே கல். நுணுக்கமான வேலைக்கு இது இடம் தராது. உருவத்தைப் பருமனாகச் செதுக்கிவிட்டு மேலே காரை பூசிச் சரிசெய்வார்கள். ரங்கூன் ஷ்வேடகோன் பகோடா நிற்கிற சிங்குத்தரா குன்றும் பெகு யோமாவின் தென்கோடியில் உள்ள செம்புராங்கல் மேடுதான். பெகுவிலேயே ஒரு நல்ல கதை உண்டு. 55 மீட்டர் நீளமுள்ள ஷ்வேதால்யாவுங் சயன புத்தர், 1757இல் நகரம் அழிந்த பிறகு காடு மூடி, இருந்த இடமே தெரியாமல் போயிற்று. 1881 வாக்கில் ரயில் பாதை வேலைக்குச் சரளை தேடிய கான்ட்ராக்டர் ஒருவர், லேட்டரைட் மேடு என்று நினைத்து ஒரு மேட்டைத் தோண்டப்போய் உள்ளே செங்கல் தட்டுப்பட்டது. புத்தர் மறுபடி வெளியே வந்தது அப்படித்தான். பெகுவில் மேடு என்றால் கவுன் மேடு என்று நினைப்பது அந்தக் காலத்திலேயே அவ்வளவு இயல்பாக இருந்திருக்கிறது.

இனி உங்கள் வீடு. கல் வெட்டலாம், நன்றாகவே வரும், ஆனால் எல்லா அடுக்கிலும் வராது. துளை சிறிதாக, ஒரே சீராகச் சிவந்து, வெட்டும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கிற அடுக்குதான் கல்லுக்கு ஆகும். வெள்ளைக் களி பொதிந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள், இரண்டு மழையில் அந்தக் களி கரைந்து கல்லில் பொந்து விழும். வெட்டிய கல்லை அன்றைக்கே சுவரில் வைக்கக் கூடாது. குறைந்தது 3 மாதம் காற்றாட அடுக்கி வைக்க வேண்டும். டிசம்பரில் வெட்டி மார்ச்சில் கட்டினால் சரியாக இருக்கும். இந்தியத் தர அளவுப்படி ஒரு லேட்டரைட் கல் சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டனாவது தாங்க வேண்டும், தன் எடையில் 12 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு மாடிக்கு அது போதும். இரண்டாவது மாடி ஆசை இருந்தால் கான்கிரீட் தூண் போட்டுவிட்டு இதை இடைச்சுவராக மட்டும் வையுங்கள். நனைந்த கல்லின் பலம் காய்ந்த கல்லைவிடக் கணிசமாகக் குறையும். கேரளத்தில் பூசாமல் அழகுக்கு விட்டிருக்கிறார்களே என்று பார்த்துவிட்டு அப்படியே செய்யாதீர்கள். அங்கே சுவருக்கு வெளியே நல்ல நீளத்துக்குக் கூரை நீட்டிக்கொண்டிருக்கும். இங்கே பர்மாவில் பெட்டி மாதிரி வீடு கட்டி, சன்ஷேடைக் கையகலம் நீட்டிவிட்டு, ஜூலை மாதம் சுவரில் பாசி என்று புலம்புகிறார்கள். கூரையை நீட்டுங்கள், அடித்தளத்தை இரண்டடியாவது உயர்த்துங்கள், வெளிப்பக்கம் சுண்ணாம்புக் காரை பூசுங்கள்.

கல்லுக்குத் தேறாத சரளையைத் தள்ளிவிட வேண்டாம். 5 முதல் 8 சதவீதம் சிமென்ட் கலந்து அச்சில் அழுத்தினால் சுடாமலே செங்கல் ஆகும். வீட்டுக்குப் போகிற பாதைக்கும் போடலாம். ரோட்டு வேலையில் நான் கற்றது, சரளையைக் கொட்டி அப்படியே வண்டி ஓட்டி மிதிக்க விட்டால் கோடையில் புழுதி, மழையில் சேறு. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற அளவு ஈரத்தில் ரோலர் ஓட்ட வேண்டும். நடுவில் உயர்த்தி இருபக்கமும் சரிவு, ஓரத்தில் வாய்க்கால். வாய்க்கால் இல்லாத கவுன் ரோட்டுக்கு ஆயுள் ஒரு மழைக்காலம்.

தோட்டத்துக்கு வருவோம். இந்த மண்ணின் பிஎச் பெரும்பாலும் 4.5 முதல் 6 வரை இருக்கும். புளித்த மண். 5.5க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேரின் நுனியைத் தாக்கும். வேர் குட்டையாகி, ஆழத்தில் ஈரம் இருந்தும் செடி கோடையில் வாடும். மட்கு குறைவு, தழைச்சத்தும் சாம்பல் சத்தும் குறைவு. உரம் போட்டாலும் பிடித்து வைக்கக் களிக்குத் திராணி இல்லை, அடுத்த மழையில் கீழே போய்விடும். மணிச்சத்தின் கதை இதற்கு நேர்மாறு. போட்ட சூப்பர் பாஸ்பேட்டை இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துக்கொண்டு செடிக்கு விடாது. அதனால்தான் “மூட்டை மூட்டையாகப் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை” என்று சொல்கிறார்கள். இதற்கு நான் சொல்கிற வழி, நிலமெல்லாம் வாரி இறைக்காமல் வேர்ப்பக்கம் குழியில், எருவோடு கலந்து வைப்பது. ரப்பர், மாமரம் போல நீண்டகாலப் பயிரானால் விலை குறைந்த பாறை பாஸ்பேட்டே போதும். மண்ணின் புளிப்பே அதை மெல்ல மெல்லக் கரைத்துக் கொடுக்கும்.

புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பு வேண்டும். கரென் மாநிலத்துப் பாஆன் பக்கத்து மலைகளே சுண்ணாம்புக்கல், ஆகவே நமக்குத் தூரமில்லை. டோலமைட் கிடைத்தால் மக்னீசியமும் சேர்ந்து வரும், இன்னும் நல்லது. அளவை மண் பரிசோதனை பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரேயடியாக அள்ளிப் போட்டால் துத்தநாகம் போன்ற நுண்சத்துகள் கிடைக்காமல் இலை வெளுக்கும். நெல் ஆலைச் சாம்பலும் உமியும் நம் ஊரில் வேண்டிய மட்டும் கிடைக்கின்றன. மாட்டெருவோடு சேர்த்துக் குழிக்குக் குழி போடுங்கள். கடைசியில் இந்த மண்ணில் உரத்தைப் பிடித்து வைக்கிறது மட்குதான், வேறெதுவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல், நிலத்தை மொட்டையாக்காதீர்கள். காட்டை வெட்டித் தீ வைத்து ஒரு கோடை முழுக்க வெறும் தரையாக விடுவது இங்கே வழக்கம். மேல்மண்ணை முதல் மழை அடித்துக்கொண்டு போகும், கெட்டி அடுக்கு வெயிலுக்கு வரும், பிறகு அங்கே புல்கூடச் சிரமப்பட்டு முளைக்கும். ரப்பர் தோட்டங்களில் கன்று நடுமுன்பே பியூரேரியா கொடியைப் படர விடுவார்கள். காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்துத் தரும், தரையையும் மூடும். பர்மாவில் ரப்பர் அதிகம் விளைவது மோன் மாநிலத்தில். முடோன், தன்பியூசயாட் வரை சாலையோரமெல்லாம் அதுதான். அந்த மரத்துக்குப் புளிப்பு ஒத்துக்கொள்ளும் என்பது ஒரு காரணம். உங்கள் நிலத்தில் ரப்பர் வேண்டாம் என்றால் முந்திரி, அன்னாசி, மரவள்ளி மூன்றும் தைரியமாக வைக்கலாம். டுரியான், ராம்புட்டான் வைக்க ஆசையிருந்தால் மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டி, கெட்டி அடுக்கு குறுக்கே இருந்தால் கடப்பாரையால் அடியை உடைத்து, மேல்மண்ணும் எருவும் நிரப்பி மே கடைசியில் நடுங்கள். அடியை உடைக்காமல் நட்டால் மழையில் அந்தக் குழி தொட்டியாகி வேர் அழுகும். கடலையைப் பற்றி அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். சுண்ணாம்பு இல்லாமல் இங்கே கொடி தழைக்கும், காயில் பருப்பு இருக்காது.

மேட்டோடு சேர்த்து அடியில் ஒரு துண்டு வயலும் தருகிறார் என்றால் இன்னொன்றைக் கவனியுங்கள். டெல்டாவில் நம் முன்னோர்கள் உழுத ஐராவதி வண்டல் வேறு ஜாதி. லேட்டரைட் மேட்டுக்கு அடியில் உள்ள பள்ள வயலில், மேலே கரைந்த இரும்பெல்லாம் ஊற்றாக வந்து இறங்கும். வரப்போரத் தண்ணீரில் எண்ணெய் மாதிரி ஆரஞ்சு நிற ஏடு மிதந்தால் அதுதான் அடையாளம். எண்ணெய் என்றால் விரல் விட்டதும் மறுபடி கூடும், இது கண்ணாடிச் சில்லு போல உடைந்து நிற்கும். நெல்லின் அடி இலையில் நுனியிலிருந்து பழுப்புப் புள்ளி விழுந்து இலை வெண்கல நிறமாகும். வியாதி என்று மருந்தடிப்பார்கள், வியாதி இல்லை, இரும்பு நஞ்சு. மேட்டு ஓரத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி ஊற்றைத் திருப்பிவிடுங்கள், இடையில் வயலை வடித்துக் காற்றாட விடுங்கள், பொட்டாஷ் போடுங்கள். சாதாரணமாக இவ்வளவு போதும்.

சரிவான நிலமானால் வெட்டுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். கெட்டி அடுக்கின் கீழே உள்ள வெளுத்த களி தண்ணீர் குடித்தால் வழுக்கும். கல்லுக்காக அடிவாரத்தை நெட்டுக்குத்தாக வெட்டிவிட்டால் மேலே உள்ளதற்குப் பிடிமானம் இருக்காது. 2019 ஆகஸ்டில் மோன் மாநிலத்துப் பாவுங் டவுன்ஷிப்பில் கனமழையில் மலை சரிந்து 70 பேருக்கு மேல் மண்ணில் புதைந்து மாண்டார்கள். உளுத்த மலைச்சரிவின் கீழே வீடு வைப்பது என்றால் என்னவென்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது.

விற்கிறவர் ஒருவேளை “அடியில் தாது இருக்கிறது” என்றும் சொல்லக்கூடும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். வடக்கே தகாங் தவுங் மலையில் நிக்கல் எடுத்து வந்தார்களே, அது லேட்டரைட்தான். ஆனால் அது மக்னீசியமும் நிக்கலும் நிறைந்த வேறொரு பாறை உளுத்து வந்தது. யோமாவின் மணற்கல்லில் சொல்லும்படி நிக்கல் கிடையாது, அப்புறம் சக்கையில் எங்கிருந்து வரும்? அலுமினியம் மிகுந்து போன லேட்டரைட், பாக்சைட் என்ற அலுமினியத் தாது ஆகும், அதுவும் உங்கள் மேட்டில் இருக்கும் என்று நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

முன்பணம் கொடுக்குமுன் நிலத்தில் மூன்று இடத்தில், மேடு, நடு, பள்ளம் என்று, ஆளுயரக் குழி வெட்டச் சொல்லுங்கள். கெட்டி அடுக்கு எத்தனை அடியில் தொடங்குகிறது, எத்தனை அடி கனம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு கட்டி எடுத்து ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, தண்ணீர் வாளியில் போடுங்கள். கரைந்து குழம்பினால் வெறும் களி, கரையாமல் கல்லாக நின்றால் அசல் கவுன். மேல்மண் இரண்டடிக்குக் குறையாமல் இருந்தால் தோட்டத்துக்கு வாங்கலாம். அரையடிதான் என்றால் கல்லுக்கு என்று விலை பேசுங்கள், தோட்டத்து விலை கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஒரு முழத்தில் சரளை தட்டுகிறது. அது உருண்டைச் சரளை மட்டுமானால் வேர் இறங்கிவிடும், பாளமாக இருந்தால்தான் பிரச்சினை. அதைக் குழி சொல்லிவிடும்.

இந்தச் சோதனையை ஏப்ரலில் செய்யுங்கள், மழையில் செய்தால் எல்லாம் இளகித்தான் தெரியும். கிணற்றையும் அப்போதே பாருங்கள். லேட்டரைட்டில் கிணறு வெட்டினால் கரை கட்டாமலே நிற்கும், ஜூலையில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கும். துளை நிறைந்த அந்தப் பாளம் தண்ணீரை எவ்வளவு வேகமாக வாங்குகிறதோ அதே வேகத்தில் பள்ளத்துக்கு வடித்தும் விடும். பக்கத்து நிலத்துக் கிணற்றில் ஏப்ரல் கடைசியில் கயிறு விட்டு அளந்து, தண்ணீர் இருந்தால் மட்டும் பேச்சைத் தொடருங்கள்.